அனகாஸ்டியா ஆற்றங்கரையில் அல்லியும் தாமரையும்

வாஷிங்டன் மாநகருக்குச் செல்வோர் காண வேண்டிய இடங்களின் வரிசை ஏற்கெனவே எழுதி வைக்கப்பட்டதுபோல் இருக்கிறது. வெள்ளை மாளிகை, பாராளுமன்றக் கட்டடம், லிங்கனின் நினைவு மண்டபம், விண்கலங்கள் வைத்திருக்கும் காட்சிச்சாலை என்று அது நீளும். கத்தோலிக்கராயின் அமலோற்பவ அன்னையின் தேசியப் பேராலயம் அவ்வரிசையில் முதலிடம் பெறும். அப்பேராலயத்தினுள்ளே நம் வேளாங்கண்ணி ஆரோக்கிய அன்னைக்கும் 1997ஆம் ஆண்டு முதல் ஒரு சிற்றாலயம் இருப்பதால், தமிழ்க் குடும்பங்கள் நெடுந்தொலைவிலிருந்தும் அங்கே வந்து சேர்கின்றன. வந்தவர்கள் செபித்து, நிழற்படம் எடுத்துக்கொண்டு, வந்த வழியே திரும்பிவிடுகிறார்கள். அங்கிருந்து கிழக்கே சில மைல் சென்றால் அனகாஸ்டியா என்னும் சிற்றாறு குறுக்கிடுகிறது. அதன் கீழ்க்கரையில், கோடைதோறும் அல்லியும் தாமரையும் மண்டிப் பூக்கும் பொதுத் தோட்டம் ஒன்று உண்டென்பதை அவர்களுள் பலர் அறியார்.

கெனில்வொர்த் நீர்ப்பூங்கா என்பது அதன் பெயர். அமெரிக்க நாட்டின் தேசியப் பூங்காத் துறை அதனைப் பேணி வருகிறது. மலைகளையும் காடுகளையும் பாலைகளையும் காத்துவரும் அப்பெருந்துறையின் பொறுப்பில், நீர்ச்செடிகளை வளர்ப்பதற்கென்றே அமைந்த இடம் இது ஒன்றுதான். நுழைவுக் கட்டணம் இல்லை. ஜூலைத் திங்களில் தாமரைக்கும் அல்லிக்கும் என்றே ஆண்டுதோறும் அங்கே ஒரு விழா நடத்துகிறார்கள். அவ்விழா நாளில் கூட்டம் மிகுதி. பூவைப் பார்க்க விரும்புவோர் விழாவைத் தவிர்த்து வேறொரு நாளில், அதுவும் காலையிலேயே, செல்வது நலம். காலையில் என்று வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. அல்லியில் பகலில் மலர்வன சில, இரவில் மலர்வன சில. இரவில் விரிந்தவை முற்பகலில் குவிவதற்கு முன்னும், பகலுக்குரியவை விரியத் தொடங்கிய பின்னும் இடையே ஓரிரு மணி நேரம் உண்டு. அப்போது மட்டுமே இரண்டு கூட்டத்தாரையும் ஒருசேரக் காண இயலும்.

நான் சென்றதும் அத்தகைய ஒரு ஜூலைக் காலையில்தான். அந்நகரில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்று அழைத்துச் சென்றது. கணவன், மனைவி, அவர்கள் சிறுமகள், ஊரிலிருந்து பேத்தியைப் பார்க்க வந்திருந்த பாட்டியார் ஆகியோர் உடன் வந்தனர். வாயிலைத் தாண்டியதும் நமக்கு முதலில் தோன்றுவது, இது தோட்டமன்று, வயல் என்பதே. நாற்பதுக்கும் மேற்பட்ட சிறு குளங்கள் பாத்தி பாத்தியாகக் கிடக்கின்றன. அவற்றிடையே புல் படர்ந்த மண் வரப்புகள். பளிங்குத் தொட்டியோ, வண்ண விளக்கோ, பீறிட்டு எழும் நீரூற்றோ அங்கே இல்லை. வரப்பின்மேல் நடந்துகொண்டே இருபுறமும் பார்த்துச் செல்ல வேண்டியதுதான். பாட்டியார் முதல் குளத்தருகே நின்றுவிட்டார்கள்.

“சாமி, இது நம்ம ஊர் அல்லிதானே! பள்ளிக்கூடம் விட்டு வரும்போது இதன் தண்டை ஒடித்து மாலையாக்கிக் கழுத்திலே போட்டுக்கொள்வோம்” என்றார்கள்.

சிறுமிக்கு வேறோர் ஐயம். “ஃபாதர், சூசையப்பர் கையிலே இருக்கிற லில்லி இதுதானா?” என்று கேட்டாள்.

நல்ல கேள்விதான். பீடங்களில் புனித சூசையப்பர் ஏந்தி நிற்கும் வெண்மலர் தரையில் கிழங்கிலிருந்து முளைக்கும் செடியைச் சார்ந்தது. குளத்து அல்லிக்கும் அதற்கும் உறவில்லை. ஆங்கிலேயர் அல்லியை ‘நீர் லில்லி’ என்று அழைத்துவிட்டபடியால் வந்த மயக்கம் இது. அவர்கள் மொழியில் தாமரையும் பல வேளைகளில் இதே பெயருக்குள் அடங்கிவிடுகிறது. தமிழன் அல்லி, ஆம்பல், குவளை, தாமரை என்று பெயர் பிரித்து வைத்ததில் எத்துணை நுட்பம் இருந்தது என்பது, தாவரவியலார் அண்மையில் கண்டதை அறிந்தால் விளங்கும். பூவும் இலையும் குளமும் ஒத்திருப்பதால் அல்லியும் தாமரையும் ஒரே குடும்பம் என்றுதான் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். மரபணுக்களை ஒப்பிட்டுப் பார்த்தபோதோ, தாமரைக்கு அல்லி நெருங்கிய உறவே அன்று என்றும், மேலைநாட்டுத் தெருக்களில் நிழலுக்காக நடப்படும் பிளேன் மரமே அதன் உறவு என்றும் தெரியவந்தது! நீரில் மிதக்கும் மென்மலருக்கு உறவினர் சாலையோரத்து நெடுமரம். வம்ச வரலாறு பார்த்துச் சம்பந்தம் பேசும் நம்மவர்க்கும் இது வியப்பாகவே இருக்கும்.

பார்வையாலேயே வேறுபாட்டைக் காணலாம். அல்லியின் இலை நீரின்மேல் படுத்துக் கிடக்கும்; அதில் ஒரு பக்கம் கீறியதுபோன்ற பிளவு இருக்கும். தாமரை இலை பிளவற்ற முழுவட்டம். முற்றியபின் நீரைவிட்டு எழுந்து, காம்பின்மேல் குடைபோல் நிற்கும். கெனில்வொர்த்தில் அக்குடைகள் சிறுமியின் தலைக்குமேல் உயர்ந்து நின்றன. தாமரை இலையில் நீர் ஒட்டாது என்பதை நாம் பழமொழியாகவே வழங்கி வருகிறோம். ஏன் ஒட்டவில்லை என்பதை ஜெர்மானிய அறிஞர் வில்ஹெல்ம் பார்ட்லாட் நுண்ணோக்காடியின் துணையால் விளக்கினார். இலையின் மேற்பரப்பு முழுதும் கண்ணுக்குப் புலனாகாத சிறு மேடுகள், அவற்றின்மேல் மெழுகுத் துகள்கள். நீர்த்துளி அம்மேடுகளின் முனையை மட்டும் தொட்டுக்கொண்டு உருண்டையாக நிற்கிறது; சாய்ந்தால் தூசியையும் வாரிக்கொண்டு ஓடிவிடுகிறது. சேற்றில் பிறந்த இலை அழுக்கின்றி இருப்பதன் இரகசியம் இதுவே.

பூவிலும் ஒரு புதுமை உண்டு. தாமரைப் பூ தன் வெப்பத்தைத் தானே ஆக்கிக்கொள்ளும் ஆற்றல் உடையது. வெளிக்காற்று 10 டிகிரி செல்சியஸ் வரை குளிர்ந்தாலும், பூவின் நடுவிடம் 30 முதல் 35 டிகிரி வெப்பத்தில் நிற்கிறது என்று 1996இல் ஆஸ்திரேலியாவில் அளந்து கண்டார்கள். குளிரில் நடுங்கும் வண்டுக்கு அது கதகதப்பான அறை. வண்டு தங்குகிறது, மகரந்தம் பரவுகிறது. மூன்று நான்கு நாள் இவ்வாறு விரிந்தும் குவிந்தும் இருந்தபின் இதழ்கள் உதிர, நடுவில் பூவாளியின் துளைமுகம் போன்ற பொகுட்டு எஞ்சுகிறது. ஒவ்வொரு துளையிலும் ஒரு விதை. இவ்விதையைப் பற்றிப் பின்னர் சொல்ல வேண்டியிருக்கிறது. தாமரை இனத்திற்குத் தாவரவியலார் வைத்த நெலும்போ என்னும் பெயர் இலங்கையின் சிங்கள மொழிச் சொல்லான ‘நெலும்’ என்பதிலிருந்து பிறந்தது என்பதையும் இங்கே குறித்துவிடுகிறேன்.

வெப்பநாட்டு அல்லிகள் தனிக் குளங்களில் இருக்கின்றன. அவற்றுள் இரவில் பூக்கும் செந்நிறத் தோட்ட வகைகள் பலவற்றிற்கு மூதாதை நம் இந்தியச் செவ்வல்லி. பாட்டியார் அடையாளம் கண்டுகொண்டது வெறும் பாசத்தால் அன்று! தென்னமெரிக்க ஆறுகளுக்குரிய விக்டோரியா அல்லியும் உண்டு. சோறு வடிக்கும் அகன்ற தாம்பாளம்போல் விளிம்பு நிமிர்ந்த இலை, அடிப்புறமெங்கும் முள், நீர் தேங்காமல் வழிய விளிம்பில் ஒரு வெட்டு. இங்கிலாந்தில் இதனை 1849இல் முதன்முதலாகப் பூக்கச் செய்த ஜோசப் பாக்ஸ்டன் என்னும் தோட்டக்கலைஞர், தம் சிறுமகளை இலையின்மேல் நிறுத்திக் காட்டினார். அவ்விலையின் நரம்புக் கட்டுக்கோப்பே இலண்டனில் 1851இல் எழுந்த கண்ணாடி மாளிகைக்கு வழிகாட்டியதாகவும் சொன்னார். இதன் பூ முதல் மாலையில் வெண்மை. மறுநாள் மாலையில் இளஞ்சிவப்பு. பனி பட்டால் மடியும் செடியாதலால் வாஷிங்டனில் ஒவ்வோர் ஆண்டும் புதிதாக நட வேண்டியிருக்கிறது. இவற்றையெல்லாம் பார்ப்பதற்கே ஒரு காலைப்பொழுது போதாது. ஆயினும் வரப்பில் நடக்கையில், இத்தோட்டம் இங்கே எப்படி வந்தது என்ற வினாவே என்னைப் பற்றிக்கொண்டது.

ஒரு கை இழந்தவர் நட்ட பூ

அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடபுலத்துப் படையில் இருந்து போரிட்டு, வலக்கையை இழந்தவர் வால்டர் ஷா. மேய்ன் மாநிலத்தவர். போர் முடிந்தபின் இடக்கையால் எழுதப் பழகி, தலைநகரில் அரசு அலுவலகத்தில் எழுத்தராகப் பணியாற்றினார். 1880ஐ ஒட்டி அனகாஸ்டியா ஆற்றோரத்தில் சதுப்பு நிலத்தை அடுத்துச் சில ஏக்கர் வாங்கினார். குளிர்காலத்தில் பனிக்கட்டி வெட்டி எடுப்பதற்காக முன்னோர் தோண்டி வைத்திருந்த பழைய குளம் ஒன்று அங்கே இருந்தது. 1882இல் தம் சொந்த ஊர்ப் பக்கத்திலிருந்து வெண்ணிற அல்லிக் கிழங்குகள் ஒரு பன்னிரண்டை வருவித்து அக்குளத்தில் ஊன்றினார். ஊரை விட்டுவந்தவர்கள் ஊர்ச்செடி ஒன்றை வைத்துப் பார்க்க ஆசைப்படுவது எந்நாட்டிலும் உள்ளதுதானே. அயலூரில் குடியேறிய நம் பெண்கள் தொட்டியில் கறிவேப்பிலை வளர்ப்பதையும் முருங்கைக் கம்பை ஊன்றி வைத்துவிட்டுத் துளிருக்காகக் காத்திருப்பதையும் நாம் பார்க்கவில்லையா!

அல்லி பெருகியது. பெருகியதைப் பிரித்து நட மேலும் குளம் வெட்டினார். ஒரு கையால் இதனைச் செய்தார் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அண்டை அயலார் வாங்கினர். பின்னர் தொலைநகரங்களுக்கும் பூ சென்றது. 1912ஐ ஒட்டி அது முறையான வாணிகமாகவே ஆகிவிட்டது. அப்போது அவருக்குத் தோள் கொடுத்தவர் மகள் ஹெலன் பௌலர். கணவனை இழந்து தந்தையின் இல்லம் திரும்பியிருந்த அப்பெண்மணி, 1921இல் தந்தை மறைந்தபின் தோட்டம் முழுவதையும் தாமே ஏற்று நடத்தினார். எகிப்து, கீழ்த்திசை நாடுகள், தென்னமெரிக்கா ஆகிய இடங்களிலிருந்து புது வகைகளைத் தருவித்தார். ஒட்டுச்சேர்த்துப் புதிய வகைகளை உண்டாக்கினார். தூரிகை எடுத்து அம்மலர்களை ஓவியமாகவும் தீட்டினார். இளஞ்சிவப்பு அல்லி வகை ஒன்று இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது; மற்றொன்று தந்தையின் பெயரால். ஞாயிறுதோறும் மக்கள் கூட்டம் கூட்டமாக வந்தனர். 1920களில் குடியரசுத் தலைவராயிருந்த கால்வின் கூலிட்ஜும் அவர் மனைவியாரும் அங்கே வந்து பூப் பார்த்துச் சென்றவர்களுள் அடங்குவர்.

வெளிநாட்டார் விற்பனைக்காகத் தோட்டம் வைப்பதும் செல்வர் பொழுதுபோக்க வருவதும் பெரிய செய்தி அல்ல. அத்தோட்டத்தின் உண்மை வரலாறு இதற்குப் பின்னர்தான் தொடங்குகிறது.

சேற்றின்மேல் வந்த வெறுப்பு

அனகாஸ்டியா ஒரு காலத்தில் கப்பல் செல்லும் அளவுக்கு ஆழமான ஆறு. நாகோச்டாங்க் என்னும் தொல்குடியினர் அதன் கரையில் வாழ்ந்து மீன் பிடித்தனர். ஆற்றின் பெயரும் அவர்கள் பெயரின் திரிபே. ஐரோப்பியர் குடியேறி, மேட்டுநிலக் காடுகளை அழித்துப் புகையிலை பயிரிட்டபோது மழைநீர் மண்ணை வாரிக் கொண்டுவந்து ஆற்றில் கொட்டியது. ஆற்றுக்குமேல் இருந்த பிளேடன்ஸ்பர்க் துறைமுகம் தூர்ந்து, கப்பல் வராத ஊராயிற்று. கடலின் ஏற்றவற்றம் இவ்வாற்றிலும் உண்டு. நீர் வற்றும் வேளையில் இரு கரையிலும் சேற்றுப் பரப்புகள் வெளிப்பட்டன. மாநகரின் கழிவுநீரும் அதில் வந்து சேர்ந்தது. கொசுவும் மலேரியாவும் நாற்றமும் எழவே, குற்றம் முழுவதையும் மக்கள் சதுப்பு நிலத்தின் தலையில் சுமத்தினர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் இராணுவப் பொறியாளர் படை ஆற்றைத் தூர்வாரி, எடுத்த சேற்றைச் சதுப்பின்மேல் பரப்பி, கரைக்குக் கற்சுவர் எழுப்பும் பணியில் இறங்கியது. ஆண்டுக்கு ஆண்டு அப்பணி ஆற்றின் மேற்பக்கமாக முன்னேறியது. 1930களில் ஹெலன் அம்மையாரின் குளங்களை நெருங்கிற்று.

அம்மையார் விட்டுக்கொடுக்கவில்லை. அதிகாரிகளிடம் முறையிட்டார், வழக்காடினார். குளங்களைத் தூர்த்து மேடாக்கினால் அரை நூற்றாண்டு உழைப்பு ஒரு பருவத்தில் போய்விடும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். இறுதியில் 1938இல் பாராளுமன்றம் இசைந்து 15,000 டாலர் ஒதுக்க, குளங்கள் அமைந்த 8.5 ஏக்கரை அரசு வாங்கிப் பொதுத் தோட்டமாக்கியது. அம்மையார் தம் வாழ்நாள் முழுதும் அங்கேயே குடியிருக்கவும் இடமளித்தது. 1957இல் அவர் காலமானார். தமக்குச் சொந்தமாயிருந்த தோட்டத்தில் பத்தொன்பது ஆண்டு, பொதுமக்களுள் ஒருவராக அவர் நடந்திருக்கிறார்.

இவ்வளவில் நிறுத்தினால் இது இனிய கதை. வழிகாட்டி நூல்களுட் பலவும் ஏறக்குறைய இவ்விடத்திலேயே நிறுத்திவிடுகின்றன. ஆனால் தோட்டத்தின் கடைசிக் குளத்தருகே நின்று ஆற்றோரமாகத் தெற்கே பார்த்தால், மரங்களுக்கு அப்பால் புல் மூடிய அகன்ற மேட்டு நிலம் தெரியும். அதனைக் காணாமல் திரும்புவது பாதியை மட்டும் காண்பதாகும்.

வரப்புக்கு அப்பால்

தோட்டத்தைக் காத்த நான்கே ஆண்டுகளில், 1942இல், அதனை அடுத்த ஆற்றோர நிலத்தில் தலைநகரின் குப்பைமேடு தொடங்கியது. மாநகரத்துக் குப்பை வண்டி வண்டியாக வந்து குவிய, அதனைத் திறந்தவெளியில் எரித்தனர். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக அத்தீ எரிந்தது. புகை போய்ப் படிந்த வீடுகள், அருகே வாழ்ந்த எளிய கறுப்பினக் குடும்பங்களின் வீடுகள். சலவைத் துணியில் கரி. குழந்தைகளின் மூச்சில் கரி.

அக்குடும்பங்கள் ஏன் எதிர்க்கவில்லை என்று நாம் கேட்கலாம். யாரிடம் எதிர்ப்பது? 1874 முதல் 1967 வரை அந்நகரை ஆண்டவர்கள் மேலிருந்து அமர்த்தப்பட்ட மூன்று ஆணையர்கள். நகர மன்றத்திற்கு வாக்களிக்கும் உரிமை அங்கே வாழ்ந்த எவருக்கும் இல்லை. ஹெலன் அம்மையாரின் குளக்கரையில் குடியரசுத் தலைவர் உலவியிருந்தார். ஆகவே அவர் குரலுக்குச் செவி கிடைத்தது. அக்குரலின் துணிவை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அடுத்த தெருவின் தாய்மாருக்கு அத்தகைய விருந்தினர் எவரும் வந்ததில்லை. அல்லியைக் காக்க 15,000 டாலர் கண்டெடுத்த அதே அரசாங்கத்தின் கீழ்தான், அல்லிக்கு அருகிலேயே மனிதர் வாழும் தெருவுக்குப் புகை வந்தது.

1968ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் அக்குப்பைமேட்டில் விளையாடச் சென்றான். பெற்றோர் தடுத்தாலும் சிறுவர்கள் போவார்கள். குப்பையில் கிடக்கும் பொருள்கள் வேறு விளையாட்டுச் சாமான் இல்லாத பிள்ளைகளை இழுக்கும். காற்று திசை மாறிற்று. நெருப்பு வளைத்துக்கொண்டது. அவன் உயிரோடு திரும்பவில்லை. அதன் பின்னரே எரிப்பது நின்றது. மேலும் இரண்டாண்டு குப்பையைப் புதைத்து, 1970இல் அவ்விடத்தை மூடி, மண்ணைப் பரப்பி, புல் விதைத்து விளையாட்டு மைதானமாக மாற்றினர். பொதுப் பூங்கா என்று பெயரும் வைத்தனர். அம்மேட்டு நிலமே நாம் வரப்பிலிருந்து காண்பது. மண்ணுக்கடியில் ஒரு தலைமுறையின் குப்பை கிடக்கிறது.

என்னை அழைத்துச் சென்ற குடும்பத் தலைவருக்கு இச்செய்தி புதிது. பல முறை தோட்டத்திற்கு வந்திருக்கிறாராம். “எங்களுக்கு யாரும் சொல்லவில்லையே, ஃபாதர்” என்றார். மகள் தொலைவில் ஆமையை எண்ணிக்கொண்டிருந்தாள். நாங்கள் சற்று நேரம் பேசாமல் நடந்தோம்.

திரும்பி வந்த சேறு

குளங்களுக்கு அப்பால் மரப்பலகை பாவிய நடைபாலம் ஒன்று சதுப்பினுள் நீண்டு செல்கிறது. பூவுக்காக வந்தவர்கள் பெரும்பாலும் அங்கே போவதில்லை. வெயில் ஏறுமுன் போய்ப் பார்ப்பது நன்று. நாங்கள் சென்ற வேளையில் ஆற்றுநீர் வற்றிக்கொண்டிருந்தது. பளபளக்கும் சேற்றில் பெரிய நீலநிறக் கொக்கு ஒன்று அடியெடுத்து வைத்து, கழுத்தை நீட்டி, நின்று, பின் வெடுக்கென்று குத்தியது. கோரையிலும் நாணலிலும் செந்தோள் உடைய கருங்குருவிகள் ஊசலாடின.

இந்தச் சதுப்பு பழையதன்று. பழையதைத்தான் தூர்வாரி அழித்துவிட்டார்களே! 1993இல் மீண்டும் அதனை உண்டாக்கினார்கள். ஆற்றிலிருந்து வாரிய சேற்றைக் கொண்டுவந்து, ஏற்றத்தில் நீர் மூடவும் வற்றத்தில் வெளிப்படவும் தக்க உயரத்திற்கு அளந்து பரப்பி, ஏறத்தாழ 32 ஏக்கரில் நாணலும் கோரையும் நட்டார்கள். அப்பணியைச் செய்தவர்கள் யார் தெரியுமா? அறுபது ஆண்டுகளுக்கு முன் ஹெலன் அம்மையாரின் குளங்களைத் தூர்க்க வந்த அதே இராணுவப் பொறியாளர் படையினர்தாம். இதற்கிடையில் அறிவு மாறியிருந்தது. சதுப்புச் செடிகளின் வேர்கள் மழைநீர் கொண்டுவரும் மண்ணையும் அழுக்கையும் பிடித்து வைக்கின்றன, வெள்ளத்தின் வேகத்தைத் தணிக்கின்றன, மீன்குஞ்சுகளுக்கு மறைவிடமாகின்றன. நோயைத் தந்தது சேறு என்று எண்ணி அழித்தார்கள். ஆற்றைத் தூய்மை செய்ய அச்சேறுதான் வேண்டும் என்று பின்னர் கண்டார்கள். ஒரு சாண் உயரம் கூடினால் நாணல் வறண்டுவிடும், குறைந்தால் மூழ்கிவிடும். பொறியாளர்க்கு இடித்து நிரப்புவதைவிட இது கடினமான வேலையாக இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

ஆற்றின் நோய் சேற்றால் வந்ததன்று, நகரத்தால் வந்தது. மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் ஓடும் பழைய அமைப்பினால், பெருமழை பெய்யும்போதெல்லாம் சாக்கடை நிரம்பி ஆற்றில் வழிந்தது. அதனைத் தடுக்க நிலத்தடியில் மாபெரும் சுரங்கக் குழாய்களை அமைத்தனர். அனகாஸ்டியாவுக்கான முதற்பகுதி 2018இல் இயங்கத் தொடங்கிற்று; எஞ்சிய பெரும்பகுதி 2023இல் சேர்ந்தது. 2010 முதல் கடைகளில் பொருள் போட்டுத் தரும் பைக்கு ஐந்து சென்ட் வரி விதித்து, அத்தொகையை ஆற்றைத் தூய்மை செய்யவே ஒதுக்கினர். ஐந்து சென்ட் பெரிய தொகை அன்று. எனினும் கையில் துணிப்பையுடன் கடைக்குப் போகும் வழக்கம் அதனால் வந்தது என்று அவ்வீட்டு அம்மையார் சொன்னார். பாட்டியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “மஞ்சள் பையை அமெரிக்காவிலும் கண்டுபிடித்துவிட்டார்களா, சாமி?” என்றார்கள்.

உறங்கிய விதை

தாமரை விதையைப் பற்றிச் சொல்வதாகக் கூறினேன். வடகிழக்குச் சீனத்து மஞ்சூரியாவில், வற்றிப்போன பழைய ஏரிப் படுகையில் கரிய மண்ணுக்குள் தாமரை விதைகள் புதைந்து கிடந்தன. ஜப்பானியத் தாவரவியலார் இச்சிரோ ஓகா 1920களில் அவற்றை ஆராய்ந்து, அவை இன்னும் முளைக்கும் ஆற்றல் உடையவை எனக் காட்டினார். 1950களின் தொடக்கத்தில் அப்படுகையின் விதைகள் சில கெனில்வொர்த் தோட்டத்தின் பணியாளர் கைக்கு வந்தன. தாமரை விதையின் தோல் கல்லொத்தது. நீரும் காற்றும் புகா. தானாக முளைக்க வேண்டுமாயின் அத்தோல் தேய்ந்து விரிசல் காண வேண்டும். ஆகவே அதனை அரத்தால் இராவி நீரில் இட வேண்டும். இட்டார்கள், முளைத்தது. வேர் விட்டு, இலை எழுப்பி, இளஞ்சிவப்பாகப் பூத்தது. அதன் வழித்தோன்றல்களே அத்தோட்டத்துத் தாமரைக் குளத்தின் பெருமை.

அவ்விதைகளின் வயது என்ன? கதிரியக்கக் கரிமத்தைக் கொண்டு காலம் கணிக்கும் முறையைக் கண்டறிந்த வில்லார்ட் லிபி, அப்படுகையின் விதைகளை 1951இல் ஆராய்ந்து ஏறத்தாழ 1,000 ஆண்டு என்றார். பின்னர் வந்த ஆய்வுகளில் விதைக்கு விதை வயது மாறுபட்டது. சில நூறு ஆண்டே ஆனவையும் இருந்தன. 1995இல் ஜேன் ஷென் மில்லர் குழுவினர் அதே படுகையின் விதை ஒன்றை முளைக்க வைத்து, அதன் வயது ஏறத்தாழ 1,300 ஆண்டு என்று அறிவித்தனர். நான்கே நாளில் அது முளைவிட்டது. அத்தனை நூற்றாண்டு தோலுக்குள் உயிர் எப்படிக் கெடாமல் இருந்தது என்பதை ஆராய்ந்தவர்கள், விதைக்குள் சிதைவடையும் புரதத்தைப் பழுதுபார்க்கும் நொதி ஒன்று இருப்பதைக் குறிப்பிடுகிறார்கள். வெறுமனே உறங்கிக் கிடக்கவில்லை. தன்னைத் தானே செப்பனிட்டுக்கொண்டு கிடந்திருக்கிறது.

சிறுமி உலர்ந்த பொகுட்டு ஒன்றைப் பறித்துத் தர வேண்டினாள். பறிக்கலாகாது என்பது அங்கே சட்டம். குனிந்து, காம்போடு இருந்த பொகுட்டைக் காதருகே வைத்து மெல்ல அசைத்துப் பார்த்தாள். விதைகள் கிலுகிலுப்பைபோல் ஓசை செய்தன.

போக விரும்புவோருக்கு ஓரிரு குறிப்புகள். ஜூலை நடுப்பகுதி தாமரைக்கு ஏற்ற காலம். விக்டோரியாவின் பேரிலைகளைக் காண ஆகஸ்டு வரை பொறுக்க வேண்டும். வாஷிங்டனின் கோடை நம் சித்திரை வெயிலுக்குச் சற்றும் இளைத்ததன்று, வியர்வையும் மிகுதி. தொப்பி, குடிநீர், கொசுவுக்குத் தைலம் ஆகியவை வேண்டும். கார் இல்லாதவர்கள் மெட்ரோ இரயிலில் டீன்வுட் நிலையத்தில் இறங்கி நடந்தே செல்லலாம். வழியில் உள்ள வீடுகளைப் பார்த்துக்கொண்டே செல்லுங்கள். புகை படிந்த அந்நாளைத் தெருக்கள் அப்பக்கத்தில்தான் இருந்தன. பொழுது சாய்வதற்கு வெகுமுன்னரே வாயிலை அடைத்துவிடுவார்கள். இரவல்லி இதழ் விரிக்கத் தொடங்குவது அதற்குப் பிறகுதான். அதனைத் தவறவிட்டவர்கள் மறுநாள் வாயில் திறக்கும் நேரத்திற்கே போய்விட வேண்டும். பத்து மணிக்குமேல் போனால் மொட்டுப்போல் குவிந்ததையே காண்பார்கள்.